கொடிக்குப் பதிலாக

பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நாலடி மதிலுக்கு மேலால் நீட்டிக் கொடுத்த பெண்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி. ஒன்றல்ல, ஒன்பது கடிதம் கொடுத்தேன். அவரும் ஒன்பது பதில் தந்தார். என் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கி, "கிடைச்சுது பிள்ளை" என்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் அதைப் பற்றி அந்த இடத்தில் ஒரு சொல் கதைக்கமாட்டார். சங்கத்து அலுவலை மதிலடியில் கதைக்கக்கூடாது என்பது அவருடைய கட்சி. கடிதத்தைச் சேட்டுப் பையில் வைத்த கையோடு, "முருங்கைக்காய் முத்தப்போகுது, அம்மாவுக்குப் புடுங்கித் தரட்டோ?" என்று கேட்பார். சண்டை சங்கத்தோடு, முருங்கைக்காய் எங்களுக்கு.

கொழும்புத்துறையில், கடலுக்குக் கொஞ்சம் இப்பால், கூட்டுறவு முறையில் கட்டின இருபத்திரண்டு வீடுகள் எங்களுடையவை. எல்லாம் ஒரே அச்சு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒருநாளும் தண்ணீர் வராத ஒரு குழாய். நாலு வீட்டுக்கு ஒரு கிணறு. வீடு தரும்போதே சட்டமும் சேர்த்துத் தந்தார்கள். மதில் நாலடிக்கு மேலே எழும்பக்கூடாது, மாடு கட்டக்கூடாது, வீதிப் பக்கம் உடுப்புக் காயப்போடக்கூடாது. இவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு சங்கம். இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்ரர் ஒருவர் தலைவர். நான் செயலாளர். என் எழுத்து வடிவாம். அத்தோடு புருசன் சுவிசில், எனக்குப் பொழுது கிடக்குமாம். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக நாள் முழுக்கக் கோப்புக் கட்டிவிட்டு வந்தவளுக்கு இவர்கள் கண்டுபிடித்த பொழுது அது.

கடிதம் வாங்கினவர் பன்னிரண்டாம் இலக்கம். நானும் அம்மாவும் பதின்மூன்று. எழுபதைத் தொட்டுக்கொண்டிருந்தார். முள்ளந்தண்டு மட்டும் அதை நம்பவில்லை, நேராக நின்றது. பத்தொன்பது வயதில் வெள்ளைக்காரனின் பட்டாளத்தில் சேர்ந்து, பெரிய யுத்தத்துக்கு எகிப்துப் பக்கம் போனவர். "துவக்குப் பிடிச்சது ஆறு நாள், மண்வெட்டி பிடிச்சது நாலு வருசம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். முந்தி எல்லோரும் அவரை ஆமிக்காரர் என்றுதான் சொல்வார்கள். எண்பத்து மூன்றில் கலவரம் வந்து, ஆமி என்றாலே பயம் என்றான பிறகு அந்தப் பெயர் தொண்டைக்குள் சிக்கியது. கொடி ஐயா என்று மாற்றிக்கொண்டோம்.

அந்த மனிதரை ஒரு சொல்லில் சொல்லச் சொன்னால் 'முறை' என்பேன். யாருடைய முறை, எப்போது முறை, முறை தவறியதா இல்லையா என்பதே அவருடைய உலகம். பாண் வரிசையில் சனம் "ஐயா முன்னுக்கு வாங்கோ" என்று வழிவிட்டால், கும்பிட்டுவிட்டு வால் முனையில் போய் நிற்பார். கிணற்றில் அவருக்கு ஐந்தரையிலிருந்து ஐந்தேமுக்கால் வரை. ஐந்து இருபத்தாறுக்கு வாளியோடு வந்துவிட்டார் ஒருநாள். கிணற்றடியில் குருவிகூட இல்லை.

"ஒருத்தரும் இல்லையே, அள்ளுங்கோவன் ஐயா" என்றார் அம்மா.

"இன்னும் நாலு நிமிசம் கிடக்கு" என்று வாளியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டு நின்றார்.

"யமன் வந்தாலும் இந்த மனுசன் வரிசையிலை நில்லெண்டுதான் சொல்லும்" என்று அம்மா எனக்குக் கேட்கச் சொன்னார். அவருக்கும் கேட்டிருக்கும். பிள்ளைகள் இல்லாத வீடு. மனைவி இருக்கும்வரை அவருடைய முறைகளையெல்லாம் அந்த மனுசி சிரித்துக்கொண்டே சமாளித்தார். அந்த மனுசி கண்ணை மூடினபின் அந்த வீட்டிலிருந்து கதைச்சத்தம் கேட்டதில்லை. காலையில் ஒரு செம்புச் சத்தம், பின்னேரம் ஒரு கதிரை இழுபடும் சத்தம், அவ்வளவுதான்.

கொடி விசயத்துக்கு வருகிறேன். முற்றத்தில் ஒரு கமுகந்தடி நட்டிருந்தார். காலை ஆறு மணிக்கு அதில் ஒரு கொடி ஏறும், மாலை ஆறு மணிக்கு இறங்கும். நீலத் துணி, குறுக்கே ஒரு மஞ்சள் பட்டை. எந்த நாட்டுக்கும் எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாத கொடி. அவருடைய பழைய பட்டாளக் கொம்பனியின் கொடியாம். வெளுத்துக் கிழிய, மனைவி புதுத் துணி எடுத்து அப்படியே தைத்துக் கொடுப்பாராம். வருடக்கணக்காக ஏறி இறங்கியது. ஒரு நட்டுக் கழன்ற மனிதரின் பழக்கம் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

தொண்ணூறில் திரும்பச் சண்டை தொடங்கி, குண்டு போடுகிற பொம்மர் நினைத்த நேரம் வந்து தலைக்கு மேலே சுற்றத் தொடங்கிய பிறகு, அந்தக் கொடி திடீரென்று பெரிதாகத் தெரிந்தது. வளவுக்கு வளவு பங்கர் வெட்டினோம். வெள்ளை உடுப்பை வெயிலில் காயவிடப் பயந்தோம். நடுவில் இது மட்டும் காற்றில் படபடத்துக்கொண்டு நின்றது. தலைவர் என்னைக் கூப்பிட்டு, "எழுத்திலை குடும் பிள்ளை, வாயாலை சொன்னால் அந்தாள் கேளாது" என்றார். அப்படித்தான் ஒன்பது கடிதமும் போயின. ஒவ்வொன்றுக்கும் பதில் ஒரே மாதிரி வரும்: 'சங்கத்தின் சட்டத்தில் மாடும் மதிலும் உடுப்பும் உண்டு. கொடி இல்லை. இப்படிக்கு, பணிவுள்ள.' சட்டப்படி அவர் சொன்னது சரி. அதுதான் எங்களுக்குக் கோபம்.

மாசி மாதத்தில் ஒருநாள் காலை கமுகந்தடி வெறுமையாக நின்றது. அடுத்த நாளும் கொடி ஏறவில்லை. சமைக்கிற நேரம் எங்கள் குசினி யன்னலால் பார்த்தால் அந்தத் தடிதான் முதலில் தெரியும். நான் ஓடிப்போய்த் தலைவருக்குச் சொன்னேன். அவருக்கு வாய் காதுவரை போனது.

"உம்மடை ஒன்பதாம் கடிதம் வேலை செய்துபோட்டுது! நல்ல எழுத்துப் பிள்ளை, நல்ல எழுத்து!"

தலைவரின் மனைவி எனக்கு எள்ளுப்பாகு உருட்டித் தந்தார். இரண்டு நாளும் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குக் கொடி ஏறியது. போச்சடா என்று எல்லோரும் பெருமூச்சு விட்டோம். பிறகு தலைவர் கூட்டம் போட்டார்.

கூட்டம் தலைவர் வீட்டு விறாந்தையில், பின்னேரம் நாலு மணிக்கு. பொம்மர் வந்தால் ஓடுவதற்கு வசதியாக எல்லோரும் பங்கர்ப் பக்கம் பார்த்து இருந்தார்கள். கொடி ஐயா தோய்த்து மினுக்கின சேட்டோடு வந்து, கதைக்கும்போதெல்லாம் எழும்பி நின்றே கதைத்தார்.

"ஐயா, கோவிக்கப்படாது" என்று தலைவர் தொடங்கினார். "மேலை பொம்மர் சுத்தேக்கை கீழை ஒரு கொடி பறந்தால் அவன் என்ன நினைப்பான்? உது ஆரின்ரையோ முகாம் எண்டுதானே நினைப்பான்?"

"உது எங்கடை கொம்பனிக் கொடி. கொம்பனி கலைஞ்சு நாப்பது வருசத்துக்கு மேலை."

"எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியுமோ? ஐயா, எனக்கும் கொடி தெரியும். முப்பத்திரண்டு வருசம் பச்சையும் சிவப்பும் காட்டினனான். கொடி எண்டால் பாக்கிறவனுக்கு விளங்கவேணும். விளங்காட்டி ரெயில் முட்டும்."

சனம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "அவனுக்கு விளங்கத் தேவையில்லை. உங்களுக்கு விளங்கினால் காணும்" என்றார்.

"எங்களுக்கோ?"

"ஓம். பாலைவனத்திலை எங்கடை கூடாரங்கள் ஒண்டுக்கொண்டு நல்ல தூரம். காலமை ஆறு மணிக்கு ஒவ்வொரு பகுதியும் தன்ரை கொடியை ஏத்தவேணும். ஏறினால் அங்கை ஆக்கள் சுகம். ஏறேல்லையெண்டால் பக்கத்துப் பகுதிக்காரர் போய்ப் பாக்கவேணும். அதுதான் முறை. ஒருநாள் ஒரு கொடி ஏறேல்லை. போய்ப் பாத்தம். மூண்டு பேர் காய்ச்சலிலை கிடந்தாங்கள். ரெண்டு பேரை உயிரோடை தூக்கிக்கொண்டு வந்தம்."

அவர் சேட்டின் கடைசிப் பொத்தானைத் தடவிக்கொண்டு நின்றார்.

"மனுசி இருக்குமட்டும் அது சும்மா ஒரு பழக்கம். அவ போனபிறகு நான் உள்ளுக்கை விழுந்து கிடந்தால் ஆருக்குத் தெரியும்? கொடி ஏறேல்லையெண்டால் ஆரும் வந்து கதவைத் தட்டுவியள் எண்டுதான் ஏத்துறன்."

"உதை நீங்கள் எங்களுக்கு ஒருநாளும் சொல்லேல்லையே ஐயா" என்றார் தலைவர்.

"தெரியும் எண்டு நினைச்சன். போன மாசியிலை ரெண்டு நாள் ஏறேல்லை. காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடந்தன். ஒருத்தரும் வரேல்லை. சரி, எல்லாருக்கும் அலுவல்தானே எண்டு விட்டிட்டன்" என்றார்.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொல்லியிருந்தால் நாங்களும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பியிருப்போம். எனக்கு எள்ளுப்பாகு ஞாபகம் வந்து நாக்குக் கசந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் மனிதர் தண்ணிக்கு ஆளில்லாமல் கிடக்க, இந்தப் பக்கம் நான் என் எழுத்தை மெச்சிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கம்தான்.

சங்கங்களுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. பட்டியல் போடுவது. கிணறு இறைக்கப் பட்டியல், ஒழுங்கை கூட்டப் பட்டியல் மாதிரி இதற்கும் ஒன்று போட்டோம். அவரை விட்டால் இருபத்தொரு வீடு. ஒரு நாளைக்கு ஒரு வீட்டார், காலை ஆறு மணிக்கு அவருடைய கதவைத் தட்டவேண்டும். கொடி இனி ஏறாது. நான் காபன் தாள் வைத்து ஐந்து ஐந்தாக எழுதி வீடு வீடாகக் கொடுத்தேன். அவர் தன்னுடையதைக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவைத்தார். கொடியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். கமுகந்தடி மட்டும் நின்றது. சங்கத்தின் தீர்மானம் கொடியைப் பற்றித்தான், தடியைப் பற்றியல்ல என்று எனக்கு விளங்கப்படுத்தினார்.

முதல் சுற்று நல்லாய்ப் போனது. சனம் குற்றவுணர்ச்சியைப் பிட்டாகவும் இடியப்பமாகவும் கொண்டுபோனது. அவர் வேண்டாமென்றார். "சாப்பாடு வேண்டாம், தட்டினால் காணும்." மூன்று தரம் தட்டவேண்டும். முகம் வழித்து, சேட்டுப் போட்டு, சீப்பால் தலை இழுத்து, கதவைத் திறந்து நிற்பார். "இருக்கிறன்" என்பார். பென்சிலால் பட்டியலில் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் சடங்கு. இரண்டாம் சுற்றில் சிலர் வீதியில் நின்று சைக்கிள் மணி அடித்தார்கள். தலைவர் தன் பழைய விசிலை ஊதினார். "அது தட்டினதாகாது மாஸ்ரர்" என்று அவர் படலைவரை வந்து சொல்ல, தலைவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய்த் தட்டினார்.

எனக்கு என் முறை பிடிக்கும். சொன்னால் என்ன? மூன்று மாதத்துக்கொருமுறை யாராவது கொழும்பிலிருந்து கொண்டுவந்து தருகிற புருசனின் கடிதத்தைத் தவிர என்னை யாரும் தேடுவதில்லை. அந்த இருபத்தொரு நாளுக்கொருமுறை காலையில் ஒரு மனிதர் எனக்காகத் தலை இழுத்து ஆயத்தமாக நிற்பார். "இருக்கிறன் பிள்ளை" என்பார். மற்றவர்களுக்கு இருக்கிறன், எனக்கு மட்டும் பிள்ளை என்று ஒன்று கூட. எனக்கும் ஒரு பட்டியல் போட்டிருந்தால் நல்லாயிருக்கும் என்று திரும்பி வரும்போது நினைப்பேன்.

பிறகு வீடுகள் காலியாகத் தொடங்கின. முதலில் ஏழாம் இலக்கம். காலையில் பார்த்தால் பூட்டு. அவர் மதிலடிக்கு வந்தார்.

"ஏழாம் நம்பர் இண்டைக்கு வரேல்லைப் பிள்ளை."

"அவை போட்டினம் ஐயா. கொழும்புக்கு."

"அப்ப அவையின்ரை முறை?"

"பட்டியலை மாத்தி எழுதித் தாறன் ஐயா."

எழுதவில்லை. கச்சேரி, மண்ணெண்ணெய் வரிசை, அம்மாவின் இழுப்பு என்று காரணத்துக்கா பஞ்சம்? ஏழுக்குப் பிறகு மூன்று போனது. பதினெட்டு, பத்தொன்பது, பிறகு தலைவர் வீடே. ஒருநாள் வேலைக்கு வெளிக்கிடும்போது ஏழாம் இலக்கத்துத் தகரப் படலைக்கு முன்னால் அவர் நிற்பதைக் கண்டேன். மினுக்கின சேட்டு, இழுத்த தலை. மூன்று தரம் தட்டினார். கொஞ்ச நேரம் நின்றார். பூட்டுக்கு முன்னால் "இருக்கிறன்" என்று சொன்னார். திரும்பி நடந்து வந்தார்.

சைக்கிளை நிறுத்தி, "என்ன ஐயா இது?" என்று கேட்டேன்.

"அவை வர ஏலாதுதானே. அப்ப நான் போகவேணும். முறை விடப்படாது பிள்ளை."

அம்மாவிடம் சொன்னேன். "முத்திப்போச்சு" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சேட்டும் அந்தக் கண்ணும் தெளிவாகத்தான் இருந்தன. தொண்ணூற்றிரண்டு முடியும்போது எஞ்சியது ஐந்து வீடு. கிழமையில் ஐந்து நாளாவது அவர் ஏதோ ஒரு பூட்டின படலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் அவருடைய பத்தாவது கடிதம் வந்தது. மதிலுக்கு மேலால், இரண்டு கையாலும் நீட்டினார். 'பட்டியல் நடைமுறையில் இல்லாதபடியால் மீண்டும் கொடி ஏற்றச் சங்கத்தின் அனுமதியைக் கோருகிறேன். பதில் எழுத்தில் தரவும். இப்படிக்கு, பணிவுள்ள.' தலைவரில்லாத சங்கத்தில் நான்தான் சங்கம். ஓம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மேலே பொம்மர் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்கும் அந்தக் கொடிக்கும் இடையில் இருந்தது ஒரு மதில். பயந்தேன்.

"கூட்டம் கூடவேணும் ஐயா. கூட்டத்துக்கு ஏழு வீடு வேணும்."

"சட்டம் அப்பிடித்தான்" என்று ஒத்துக்கொண்டார். சட்டத்தைச் சொன்னால் அந்த மனிதர் மறுக்கமாட்டார் என்று தெரிந்தே சொன்னேன். போகத் திரும்பியவர் நின்றார். "நீரும் போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போம் பிள்ளை. ஆர் இல்லையெண்டு தெரிஞ்சால்தான் நான் எந்தெந்தப் படலைக்குப் போறதெண்டு எனக்குத் தெரியும்."

"ஓம் ஐயா" என்றேன்.

நானும் அம்மாவும் ஊரைவிட்டு வெளியேறக் கேட்டிருந்த பாஸ் கிடைத்த சேதி ஒரு பின்னேரம் வந்தது. அடுத்த நாள் விடிய வெளிக்கிட்டு, கிளாலிக்குப் போய்க் கடல் கடக்கவேண்டும். போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போகாத காலம் அது. சொன்னால் பயணம் குழம்பும் என்ற பயம் பாதி, இருக்கிறவர்களின் முகத்தைப் பார்க்க ஏலாமை பாதி. எங்களூரில் போகிறேன் என்று சொல்வதில்லை, போட்டு வாறன் என்றுதான் சொல்லவேண்டும். அந்த மனிதரின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். நாளைக்குப் பதின்மூன்றாம் இலக்கம், எங்கள் முறை.

சங்கத்தின் தாள் ஒன்று கிடந்தது. 'தாங்கள் கொடி ஏற்றுவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்று என் வடிவான எழுத்தில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். கூட்டமும் இல்லை, தீர்மானமும் இல்லை. குசினி யன்னலால் அந்தத் தடியைப் பார்க்க இனி ஆளில்லை என்பதை எழுதவில்லை. அவர் பிறகு என்ன ஆனார் என்று சொல்லக்கூடியவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நான் கேட்கவில்லை, கேட்கத் துணிவுமில்லை.

விடிகிற நேரம். அம்மா எங்கள் படலையில் சைக்கிளையும் இரண்டு பைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கொடி ஐயாவின் படியேறி, குனிந்து, உறையைக் கதவுக்குக் கீழால் தள்ளினேன். தாள் நிலத்தில் உரசிய சத்தம் அந்த நேரத்தில் பெரிதாகக் கேட்டது.

கதவுக்கு அந்தப் பக்கம், மிகக் கிட்டவாக, அவருடைய குரல்.

"பிள்ளையோ?"

நான் மூச்சுக் காட்டவில்லை. மற்றப் பக்கத்தில் கடிதத்தைக் குனிந்து எடுக்கிற அசுமாத்தமும் இல்லை. சேட்டுப் போட்டுத் தலை இழுத்து நிற்கிறார் என்று தெரிந்தது. தட்டாமல் கதவைத் திறக்கிற மனிதரல்ல அவர்.

"தட்டும் பிள்ளை" என்றார். "நான் இருக்கிறன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கினேன்.